இளவேனிலும் துளிர்க்காத மனங்களும்



லெந்து நாட்கள் என்று நம் சபைகளில் சாதாரணமாகச் சொல்லுகிறோம். அந்தச் சொல்லுக்கு உபவாசம் என்றோ பாடுகள் என்றோ அர்த்தம் இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது பழைய ஆங்கிலத்தில் வசந்த காலத்துக்கு வழங்கிய பெயர். பகல் நீளுகிற காலம் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்திலிருந்து அது நம்மிடம் வந்தபோது பொருள் அங்கேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும் கப்பலேறி வந்து சேர்ந்தது. ஈஸ்டரும் இதே பருவத்தோடு கட்டப்பட்ட பண்டிகைதான். மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. ஆகையால் அது மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் போகாது. நம் மாதக் கணக்கில் பங்குனி இரண்டாம் வாரத்திலிருந்து சித்திரை இரண்டாம் வாரத்துக்குள் விழும்.

இந்தக் கணக்கு பிறந்த தேசங்களில் அப்போது குளிர் விலகும், மொட்டை மரங்கள் துளிர்க்கும். அங்கே எழுதப்பட்ட பிரசங்கப் புத்தகங்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பனி உருகிக்கொண்டிருக்கும். அதைத் தமிழாக்கி, கிணறு வற்றிக் கிடக்கிற பங்குனியில் நம் ஜனங்களுக்குப் பிரசங்கித்தால் அவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். நம் முன்னோர் இந்தப் பருவத்துக்கு வைத்த பெயரே வேறு. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். வேனில் என்றால் வெப்பம். நம்முடைய வசந்தம் குளிர் முடிந்து வருகிற சுகமான காலம் அல்ல, வெயில் இளமையாயிருக்கிற காலம், அவ்வளவுதான்.

ஆனாலும் நம் ஊரிலும் துளிர் உண்டு. எங்கள் மருத்துவமனை வளாகத்திலிருக்கிற வேம்பும் புங்கையும் அரசும் மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, மழையே இல்லாத நாட்களில் செம்புநிறத் தளிர் விடுகின்றன. மழைக்குப் பிறகு அல்ல, மழைக்கு முன்பே. இதைப் பற்றித் தாவர அறிஞர்கள் சொல்லுவது எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய இலைகள் உதிர்ந்தவுடன் அவற்றின் வழியாக மரம் இழந்துகொண்டிருந்த நீர் நின்றுபோகிறது. ஆழத்தில் போன வேர் எடுக்கிற கொஞ்ச நீர் தண்டில் சேருகிறது. வெளியே நிலம் காய்ந்து கிடக்கும்போதே உள்ளே மரம் தன்னை நிரப்பிக்கொள்ளுகிறது. அது போதிய அளவு நிரம்பிய பிறகுதான் மொட்டு அவிழும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த இடைப்பட்ட நாட்களில் மரம் பட்டுப்போனதாகவே தோன்றும்.

மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பருவத்தில் எங்கள் வார்டுகளிலும், நிச்சயமாக உங்கள் சபையின் கடைசி வரிசைகளிலும், அந்த இடைப்பட்ட நிலையில் இருக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஈஸ்டர் வந்துவிட்டது, பரீட்சை முடிந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகைகள் வருகின்றன. இவர்களுக்கு மாத்திரம் ஒன்றும் வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "ஐயா, எல்லாரும் அல்லேலூயா பாடுறாங்க. எனக்கும் வாய் அசையுது. உள்ளதான் ஒண்ணும் அசையமாட்டேங்குது." அவருடைய கணவர் உடனே குறுக்கிட்டு, "இவ விசுவாசம் இல்லாம பேசுறா ஐயா, நீங்களே புத்தி சொல்லுங்க" என்றார். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தக் கணவருக்கும், அவரைப் போல் நல்லெண்ணத்தோடு புத்தி சொல்லுகிற நம் எல்லாருக்கும் எழுதப்படுகிறது.

வசந்தம் வந்தால் மனச்சோர்வு தானே விலகும் என்பது பரவலான எண்ணம். அதில் பாதி உண்மை இருக்கிறது. வடதேசங்களில் குளிர்காலத்தில் சோர்ந்து, வெளிச்சம் திரும்பும்போது தெளிகிறவர்கள் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் இதை ஒரு தனி நோய்நிலையாக விவரித்தார்கள். காலையில் பிரகாசமான விளக்கின் முன் அரைமணி நேரம் உட்காரவைக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. ஸ்டாக்ஹோம் நகரத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் 12 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையிலோ சுமார் ஒன்றரை மணி நேரந்தான். ஆகவே நம் ஜனங்களின் சோர்வுக்கு வெளிச்சக் குறைவைக் காரணம் சொல்லிப் பயனில்லை.

மறுபாதி உண்மை பலருக்குத் தெரியாது. கேட்கும்போது திடுக்கிடச் செய்வது. 1897-இல் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் ஐரோப்பிய நாடுகளின் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தார். மனிதர் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ளுவது இருண்ட குளிர்மாதங்களில் அதிகமாயிருக்கும் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பகல் நீளுகிற மாதங்களிலேயே அது ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டாகக் குளிர்ப்பிரதேச நாடுகள் பலவற்றில் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் அந்த ஏற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

ஏன் என்பதற்கு உடல் சம்பந்தமான விளக்கங்களும் உண்டு, சமூக விளக்கங்களும் உண்டு. சமூக விளக்கங்களில் ஒன்று ஒரு போதகனின் காதில் அறைகிறது. 1988-இல் ஹோவர்ட் காபென்னெஷ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் சொன்னது அது. வசந்தமும், பண்டிகைகளும், வாரத்தின் தொடக்கமும் மனிதனுக்கு ஒரு வாக்குறுதியைக் கொடுக்கின்றன: இனிமேல் நன்றாயிருக்கும் என்று. குளிர்காலத்தில் வாடுகிறவன் எல்லாரும் வாடுகிறார்கள் என்று தேற்றிக்கொள்ளலாம். ஊரெல்லாம் பூத்தபிறகும் தான் வாடியே இருக்கிறதைக் காணும்போது, குறை பருவத்தில் அல்ல, தன்னிடத்திலேயே என்று முடிவு கட்டிவிடுகிறான். வாக்குறுதி பொய்த்த இடத்தில் நம்பிக்கையிழப்பு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

வெளிச்சம் நமக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த விளக்கம் நமக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் பங்குனி முதல் வைகாசி வரை நம் வீடுகளில் வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. உயிர்த்தெழுதல் பண்டிகை, சித்திரைப் பிறப்பு, பரீட்சை முடிவு, கல்லூரிச் சேர்க்கை, கல்யாணம், வேலைமாற்றம் எல்லாம் இந்த மூன்று மாதங்களுக்குள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக்குச் சந்தோஷம், பக்கத்து வீட்டுக்கு ஒப்பீடு. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். அது பிள்ளைகளுக்குச் செய்த பெரிய உபகாரம். ஆனால் அரசாங்கம் நிறுத்தியதைச் சில சபைகள் இன்னும் நிறுத்தவில்லை. ஆராதனை முடிவில் மதிப்பெண் வாசித்துக் கைதட்டும்போது வாசிக்கப்படாத பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறையாவது திரும்பிப் பாருங்கள்.

இங்கே எலியாவை நினைக்காமல் இருக்க முடியாது. முதலாம் இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தையும் 19-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நம் வழக்கமான தியானங்களில் கர்மேல் பர்வதத்தோடு நிறுத்திவிடுவார்கள். பல வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மழை பெய்தது. காய்ந்த தேசம் பச்சை கட்டத் தொடங்குகிற நேரம். ஊழியத்தின் உச்சமான வெற்றி. அந்த நாட்களில்தான் தீர்க்கதரிசி வனாந்தரத்துக்குள் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் பிராணன் போகட்டும் என்று வேண்டுகிறார். மழை வந்த பிறகு வந்த வறட்சி அது. எலியாவுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்லுவார்களா?

தேவன் அவருக்குச் செய்தது என்ன என்பதை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் தூங்கவிட்டார். பிறகு தூதன் தொட்டு எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் சாப்பாடு. புத்திமதி ஒன்றும் இல்லை, கடிந்துகொள்ளுதல் இல்லை. அதற்குப் பின் நீண்ட நடை. ஓரேபுக்குப் போன பிறகுதான் கேள்வி, அதுவும் அவர் பேசும்படியான கேள்வி. அவர் தன் மனக்குறையைச் சொன்னார். மறுபடியும் கேட்கப்பட்டது, அதே குறையை மறுபடியும் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னதற்காகவும் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. கடைசியாகச் செய்வதற்குச் சில வேலைகளும், கூட நடக்க எலிசா என்கிற ஒரு துணையும் கொடுக்கப்பட்டன. இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியின் எபிரேய வினைச்சொற்களை எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். அந்த அடையின் அருமையை வார்டில்தான் கற்றுக்கொண்டேன்.

தூக்கம், ஆகாரம், நடை, கேட்கிற ஒரு காது, சிறு வேலை, ஒரு துணை. இன்றைய மனநல மருத்துவம் சொல்லுவதும் இதிலிருந்து தூரமில்லை. மனச்சோர்வு நோயில் மனிதன் காத்திருக்கிறான்: மனம் சரியாகட்டும், பிறகு எழுந்து குளிக்கலாம், பிறகு சபைக்குப் போகலாம் என்று. மனம் சரியாவதில்லை. ஒன்றும் செய்யாததால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இறங்கியதால் இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறான். இந்தச் சக்கரத்தை எங்கே பிடித்து நிறுத்துவது? மனதைப் பிடித்து நிறுத்த முடியாது, செயலைப் பிடித்து நிறுத்தலாம் என்பது ஒரு சிகிச்சை முறையின் அடிப்படை. 1996-இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவரது குழுவினரும், சிந்தனைகளைச் சீர்ப்படுத்தும் முழுச் சிகிச்சையையும், அதில் ஒரு பாகமான செயலூக்கத்தை மாத்திரம் தருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு பாகமே முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது.

அது மேல்நாட்டுச் சங்கதி என்று நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காக கோவாவில் நடந்ததையும் எழுதுகிறேன். அங்கே சங்காத் என்ற அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வுள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, இதே முறையை எளிமைப்படுத்திச் செய்து பார்த்தார்கள். கவனியுங்கள், ஆலோசனை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, உளவியல் பட்டதாரிகளும் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம் அல்லது சற்று அதிகம். தேவைப்பட்டால் வீட்டுக்கே போனார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மாத்திரம் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர் தேறியிருந்தார்கள். இந்தச் சந்திப்புகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர். டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர் 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு இது. நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முறையாகக் கற்றுக்கொண்டால் செய்யக்கூடிய ஊழியம் இது என்று அந்தச் செய்தியை வாசித்த அன்றே நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

மேலே சொன்ன தாயாருடைய காரியத்தில் டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். வார்டில் முதல் வாரம் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: காலை ஆறரைக்குத் தலையை வாரிக்கொண்டு தண்ணீர்க்குழாய் வரைக்கும் நடந்துபோய் முகம் கழுவி வருவது. "இதெல்லாம் ஒரு வேலையா ஐயா?" என்று கணவர் கேட்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஆறு பேருக்குச் சமைத்துப் போட்ட அம்மாவுக்கு இது ஒரு வேலையா என்றுதான் எனக்கும் தோன்றும், நோயைப் பார்க்காமல் ஆளை மாத்திரம் பார்த்தால். கால் முறிந்தவன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை நாம் வேலை என்றுதான் சொல்லுகிறோம், கைதட்டவும் செய்கிறோம். இரண்டாம் வாரம் பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் கஞ்சி வாங்கிவந்து கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், கஞ்சியில் உப்பு இல்லையென்று சமையல்காரரிடம் சண்டை போட்டார். அன்றைக்கு நர்ஸ் அம்மாவும் நானும் அடைந்த சந்தோஷத்தை அந்தச் சமையல்காரருக்கு விளக்க முடியவில்லை.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்கு டாக்டர் தரும் மருந்து தலைவலி மாத்திரை போல அன்றே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துகிறவர்கள் அநேகர். இன்னும் அநேகர் தேறியவுடன் நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரவேண்டும், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஜெபித்தேன், இனி மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லுகிற ஊழியர்களைக் குறித்து எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே விரிவாக எழுதினால் பத்திராதிபர் வெட்டிவிடுவார்.

தேறுகிற வழியிலேயே ஒரு ஆபத்தான திருப்பம் இருக்கிறது. அநேகமாக உடம்பு முதலில் எழும்பும், மனம் பிறகுதான் வரும். தூக்கம் கொஞ்சம் வருகிறது, கைகால் ஓடத் தொடங்குகிறது. ஆனால் உள்ளே இருக்கிற இருள் இன்னும் விலகவில்லை. இதுவரை எதையும் செய்யத் தெம்பில்லாதிருந்தவருக்கு இப்போது தெம்பு வந்திருக்கிறது. வீட்டார் "ஆள் தேறிட்டாரு" என்று அவரவர் வேலைக்குத் திரும்புவதும் அதே வாரத்தில்தான். ஆகையால் டாக்டர்கள் இந்தச் சில வாரங்களில்தான் அதிகக் கவனமாயிருக்கச் சொல்லுகிறார்கள். நாம் விசாரிப்பை நிறுத்துகிற நேரம் அதுவாக இருக்கக்கூடாது.

யாராவது உங்களிடம் "செத்துப்போனா தேவல" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பேச்சை மாற்றுவதுதான் நம் வழக்கம். மாற்றாதீர்கள். தணிந்த குரலில், நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அப்படி நேருவதில்லை என்று இந்தத் துறையில் உழைக்கிறவர்கள் தெளிவாகவே சொல்லுகிறார்கள். கேட்கப்பட்ட மாத்திரத்தில் மனிதருக்குப் பாரம் இறங்குவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். "ஆமா" என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கிற மாத்திரைகளையும் வயல் மருந்துகளையும் வேறொருவர் பூட்டிவைக்கட்டும். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இரவாயிருந்தாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற இலவசச் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே மறைத்துவைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இதனால் காப்பாற்றக்கூடிய உயிர் போகிறது. சட்டம் மாறிவிட்டது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்று சொல்லுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்லுகிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இடம்பெறவில்லை. இதை உங்கள் சபையில் ஒருமுறை அறிவிப்பாக வாசிக்கச் சொல்லி போதகரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனநலத்துக்கு லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள், பெரும்பாலும் வெளியே சொல்லமாட்டார்கள். வியர்வையில் உடம்பின் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். பங்குனி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுதும் உபவாசம் இருந்து, மாலை ஆராதனைக்கு நடந்து வந்தால் ஆபத்து. கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், அடுத்த வேளை மாத்திரை போடுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் தாங்களாகவே உபவாசம் தீர்மானிக்கக்கூடாது. தூக்கமும் அப்படியே. கோடை இரவின் புழுக்கத்தில் எல்லாருக்கும் தூக்கம் கெடும். மனநோயிலிருந்து தேறிவருகிறவருக்குத் தூக்கம் கெடுவது நோய் திரும்புவதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். இரவு முழுதும் விழிப்பு ஜெபத்துக்கு அப்படிப்பட்டவரை வற்புறுத்தி அழைக்காதீர்கள். அவர் தூங்குவதே அன்றைக்கு அவருக்கு ஆராதனை.

ஈஸ்டரன்று நாம் என்ன பிரசங்கிப்பது என்று இளம் போதகர்கள் சிலர் கேட்டதுண்டு. சோர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. சந்தோஷத்தைக் கட்டளையாக்காமல் இருந்தால் போதும். லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் அந்த முதல் ஈஸ்டர் நாளின் பிற்பகலில் இரண்டு பேர் எருசலேமைவிட்டு எம்மாவுக்கு நடந்து போகிறார்கள். கல்லறை வெறுமையாயிருக்கிறது என்ற செய்தியை அவர்களும் கேட்டிருந்தார்கள். கேட்டும் துக்கமுகமாயிருந்தார்கள். தாங்கள் நம்பியிருந்தது போயிற்று என்று பேசிக்கொண்டே போனார்கள். உயிர்த்தெழுந்தவர் அவர்களை மறித்து நிறுத்தவில்லை. அவர்கள் போகிற திசையிலேயே, ஊருக்கு எதிர்த்திசையிலேயே, கூட நடந்தார். முதலில் என்ன விஷயம் என்று கேட்டார். அவர்கள் முழுவதையும் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகு. கண் திறந்தது சாப்பாட்டுப் பந்தியில். துக்கமாயிருந்த இரண்டு பேருக்காக ஈஸ்டர் நாளின் பெரும்பகுதி அப்படிச் செலவாயிற்று.

உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், ஈஸ்டர் ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அவரும் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் திங்கட்கிழமை போங்கள். கேக்கும் அறிவுரையும் கொண்டுபோக வேண்டாம், கொஞ்சம் நேரம் கொண்டுபோங்கள். "எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபை" என்று பதில் வரும். அது பதில் அல்ல, கதவைச் சாத்துகிற மரியாதை. "ராத்திரி தூங்குனீங்களாக்கா?", "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும். "எல்லாம் நன்மைக்கே", "இதைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாருங்க" என்பவற்றை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள், படுத்திருக்கிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த வாரம் எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமையே போங்கள். பெந்தெகொஸ்தே வரைக்கும் ஏழு வாரம் இருக்கிறது. கோவாவிலும் ஏறக்குறைய அவ்வளவு சந்திப்புகள்தான்.

எங்கள் வளாகத்தில் காலை ஆறரை முதல் ஏழரை வரை, வேப்பமரங்களின் ஓரமாக, நோயாளிகள் உறவினரோடு நடக்கிறார்கள். இந்தப் பக்கமாக வருகிற சபையார் அவர்களோடு சேர்ந்து நடக்கலாம். பேச்சு அவசியமில்லை. சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து பாதை வழுக்கும், வயதானவர்கள் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு எல்லாருமாகக் கஞ்சி குடிப்போம். இப்போது உப்பு சரியாகவே போடுகிறார்கள்.